காது கிழிந்த தாயாடு

ஆய்வகத்து ஃப்ரீசரில் இன்றும் ஒரு பூட்டு தொங்குகிறது. வீட்டுக் கதவுக்குப் போடுகிற கனத்த பித்தளைப் பூட்டு. போட்டவர் எங்கள் மேடம். என்னை நம்பாமல்தான் போட்டார் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

மேடம் பசுமலைக்காரர். தலைமுறையாக மிஷன் பள்ளி ஆசிரியர்களாக இருந்த குடும்பம். கேன்டீன் டீயை மோந்து பார்க்காமல் குடிக்க மாட்டார். ஒரு தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்க இன்னொன்று வைத்திருப்பார். அதன் மீதும் அவருக்குச் சந்தேகம் உண்டு. நான் பழங்காநத்தத்திலிருந்து பஸ் மாறி வரும் தற்காலிகப் பணியாளர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடமும் எனக்கு வேலை. வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் நான் ஒருத்திதான்.

மதுரையைச் சுற்றியுள்ள செம்மறி ஆடுகளின் மைட்டோகாண்ட்ரியாவை ஆராய்வது எங்கள் வேலை. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் அந்தத் துணுக்குக்கென்று தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம் உண்டு, அது தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும். வளையம் முழுக்க ஜீன்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஓரிடம் மட்டும் ஜீன் இல்லாமல் வெறும் பொட்டலாகத் தெரியும். ஆனால் வளையத்தை நகலெடுக்கத் தொடங்குவதும், ஜீன்களைப் படிக்கச் சொல்லி உத்தரவு போவதும் அங்கிருந்துதான். “சும்மா கெடக்குற மாதிரிதான் கெடக்கும், எல்லாத்தையும் அதுதான் ஆட்டி வைக்கும். அத நம்பாதே” என்பார் மேடம். செம்மறியில் அந்த இடத்தில் ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை முறை வருகிறதோ அதற்கேற்ப, அந்தத் துண்டை ஜெல் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டும்போது கோடு மேலேயோ கீழேயோ விழும். ஓர் ஆட்டுக்கு ஒரு கோடு.

உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்டுக் கிடையில் நான் ரத்தம் எடுத்த ஒரு கிடாவுக்கு இரண்டு கோடு விழுந்தது. திரும்ப ஓட்டினேன், அதே இரண்டு. மேடம் படத்தை வெகுநேரம் பார்த்தார். “ரெண்டு ஆட்டு ரத்தத்தக் கலந்துட்டியா?” என்றார். இல்லை என்றேன். “ஒரே உடம்புல ரெண்டு விதமும் இருக்கலாம், ஆனா அது அபூர்வம். ரத்தம் கலந்துபோறது அபூர்வம் இல்லையே.” மறுநாள் காலை, ரத்த மாதிரிகள் இருக்கும் ஃப்ரீசரில் பூட்டு தொங்கியது. சாவி அவர் கைப்பையில். என் வேலை நீட்டிப்புக் காகிதம் கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

அந்தக் கிடாவிடமே மறுபடி ரத்தம் எடுத்து நிரூபிக்கலாம் என்று கிடைக்காரருக்குப் போன் போட்டேன். “அது கோயிலுக்கு நேந்துவிட்டது தங்கச்சி. வெட்டிக் கறிச்சோறும் போட்டாச்சு. அம்புட்டுப் பேரும் சாப்பிட்டாக” என்றார். போனை வைக்கப் போனேன். பிறகுதான் உறைத்தது, வளையம் தாயிடமிருந்து வருவதாயிற்றே. “அதோட தாய் இருக்காண்ணே?” என்றேன். இருந்தது. மேடத்திடம் சொன்னதும், “நீ எடுத்தா சரிவராது, நானும் வாரேன்” என்றார்.

அறுத்த சோளக்காட்டில் கிடை போட்டிருந்தார்கள். எல்லாம் கறுப்பு ஆடுகள். கிடைக்காரர் காது கிழிந்த ஓர் ஆட்டைக் காட்டினார். மேடம் அதோடு விடவில்லை. அவரை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, கஞ்சி கொண்டுவந்த அவர் மனைவியிடம், கோயிலுக்கு வெட்டிய கிடாவின் தாய் எது என்று தனியாகக் கேட்டார். அந்த அம்மாள் மேடத்தை ஏற இறங்கப் பார்த்தார். “இதென்ன போலீஸ் ஸ்டேசனா? எங்க வீட்டுக்காரரு பொய் சொல்லுவாருங்கிறீகளா?” என்று முறைத்துக்கொண்டே போய், அதே காது கிழிந்த ஆட்டின் கழுத்தைப் பிடித்தார். “ஆத்தாளையே கேக்குறீக, அப்பன் எதுன்னு கேக்கவே மாட்டேங்கிறீக. இதுல என்னமோ இருக்கு” என்று கிடைக்காரர் மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தார்.

மேடம் தன் கையாலேயே ரத்தம் எடுத்தார். திரும்பும் வழியெல்லாம் ஐஸ் பெட்டி அவர் மடியில்தான். கோரிப்பாளையம் நெரிசலில் வண்டி நின்றபோது, “நான் வச்சுக்கவா மேடம்?” என்று கேட்டேன், பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஃப்ரீசரில் இருந்த கிடாவின் மாதிரியையும் தாயின் மாதிரியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அவரே ஓட்டினார். கிடாவுக்கு இரண்டு கோடு. தாய்க்கும் அதே இடங்களில் இரண்டு கோடு. மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. “தாய்கிட்டயே இருக்கு. அப்ப நீ கலக்கல” என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பூட்டையும் எடுத்துவிடுவார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். “உனக்குன்னு போட்டது இல்லம்மா. எனக்கும் சேத்துத்தான்” என்றார். அவருக்கும் சேர்த்து என்றால் சாவி ஏன் அவர் பையிலேயே இருந்தது?

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். ஆய்வகம் இப்போது என் பொறுப்பில், சாவி என் பையில். போன வாரம் ஆய்வு மாணவி ஒருத்தி ஜெல் படத்தை நீட்டினாள். மேலூர்ப் பக்கத்து ஆடு, இரண்டு கோடு. நான் வாய் திறப்பதற்கு முன்பே, “நான் எதையும் கலக்கல மேடம்” என்றாள். அவள் கண் ஒருமுறை பூட்டுப் பக்கம் போய்வந்தது. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்பினேனா என்றால், இல்லை.

“அதோட தாய் உசுரோட இருக்கா?” என்று கேட்டேன். இருக்கிறதாம். ஐஸ் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். “ரத்தத்த நீயே எடு. நான் கூட வாரேன்.” அவள் முகம் தெளிந்தது. அவள் முன்னால் படியிறங்கியதும், நான் திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.