கவர் பேண்டுக்கு ஒரு அரோகரா

என் தம்பி ஏதோ கவர் பேண்டில் சேர்ந்திருக்கிறானாம். அவன் வந்து சொன்னபோது என் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கவருனா நம்ம கடையில கற்பூரம் போட்டுக் குடுத்தமே, அதுங்களா? மைசூர்லதான் பிளாஸ்டிக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்களே" என்றாள்.

தம்பி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்தவர்கள் பாடிப் பேர் வாங்கிய பாட்டுகளை அப்படியே திரும்ப வாசிக்கிற கூட்டத்துக்கு அந்தப் பெயராம். என் மனைவி சொன்ன அர்த்தமே மேல் என்று எனக்குப் பட்டது. அந்தக் கவருக்குள்ளாவது ஏதாவது இருக்கும்.

தேவராஜ மார்க்கெட் பக்கத்தில் எனக்குச் சின்னதாக ஒரு பூஜை சாமான் கடை. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் பேட்டை முருகன் கோயிலில் பஜனை. முன்பாட்டு நான், டோலக் தம்பி. ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து, வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல்கூட நேராக வந்து உட்காருவான். அப்படிப்பட்டவன் மூன்று செவ்வாயாக வரவில்லை. பங்குனி உத்திரமோ நெருங்கிவிட்டது. அவன் அடிக்காமல் காவடிக்காரர்களுக்குக் கால் எழும்பாது. வேறு ஆளைக் கூப்பிட்டால் தாளம் போடுவான், சாமி வராது.

"உத்திரத்துக்கு வருவியா, மாட்டியா?" என்று நேராகவே கேட்டேன்.

"ஒரு தடவ எங்க ப்ரோக்ராமுக்கு வாங்கண்ணா. கேட்டுப்போட்டு, எப்படின்னு பொய் சொல்லாம சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

காவடிக்காகத்தான் போனேன்.

ஐந்து மாடிக்கு மேலே, மொட்டை மாடியில் ஓட்டல். வாசலில் நின்றவன் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தான், வேட்டியைப் பார்த்தான். "மதுவே மனே பக்கத பில்டிங், சார்" என்று கன்னடத்தில் கல்யாண வீட்டுக்கு வழி காட்டினான். இல்லையப்பா, இங்கேதான் என்றதும் நம்ப முடியாமல் ஒரு காகிதப் பட்டையை எடுத்து என் மணிக்கட்டில் ஒட்டினான். கையில் காப்புக் கட்டினால் எங்களுக்கு விரதம் என்று அர்த்தம். இங்கே காப்புக் கட்டியவனெல்லாம் நேராக பீர் ஊற்றுகிற இடத்துக்குப் போய் வரிசையில் நின்றான்.

கச்சேரி ஆரம்பித்தது. பொழுது சாய்ந்த பிறகும் பாட்டுக்காரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. முழங்காலில் கிழிந்த பேண்ட். பல்லவி வரும்போதெல்லாம் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, "நீவு ஹாடி!" என்றான். நீங்கள் பாடுங்கள் என்கிறான்! காசு கொடுத்து வந்தவர்களையே பாடச் சொல்கிறவனுக்கு எதற்குப் பாட்டுக்காரன் என்று பெயர்? அவர்களும் பாடினார்களா என்றால் அதுவும் இல்லை. ஒரு கையில் கோழிக்கால், மறு கையில் போன். பாட்டை போன்தான் கேட்டது. இந்திப் பாட்டுக்கும் குதித்தார்கள், இங்கிலீஷ் பாட்டுக்கும் குதித்தார்கள். அழுகிற பாட்டு ஒன்று வந்தது. அதற்கும் அதே குதி. கிடார்க்காரன் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் கண்ணை மூடி, பேதிக்குச் சாப்பிட்டவன் போல முகத்தைச் சுளித்தான். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து உத்திரத்தை நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு பாட்டின் நடுவில் மற்றவர்கள் எல்லாரும் வாத்தியத்தை நிறுத்தினார்கள். தம்பி மட்டும் டிரம்ஸ் வாசித்தான். முதலில் வெறும் சத்தம். அப்புறம் மெல்ல ஒரு நடை பிடித்தான். எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. அது எங்கள் காவடி அடி. உத்திரத்தன்று காவடி மலைப்படி ஏறும்போது, கடைசிப் பத்துப் படிக்கு அவன் டோலக்கில் அடிப்பானே, அதே அடி. விறுவிறுவென்று ஏற்றிக்கொண்டே போய் ஒரே வெட்டாக வெட்டி நிறுத்தினான்.

"அரோகரா!"

கத்தியது நான்தான். எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்திருந்தேன். பஜனையில் அந்த இடத்தில் வேறென்ன சொல்வோம்?

மாடியே திரும்பிப் பார்த்தது. பாட்டுக்காரன் மைக்கில், "அங்கிள், சக்கத்!" என்று கன்னடத்தில் மெச்சினான். உடனே அந்தக் கூட்டம் பீர்க் கிளாஸைத் தூக்கிக்கொண்டு "ஹரோ ஹரா! ஹரோ ஹரா!" என்று கத்த ஆரம்பித்தது. சாமி பேரைக் கொண்டுபோய் எச்சில் கிளாஸில் போட்டுவிட்டேனே என்று உடம்பு கூசியது. மேடையில் தம்பியின் முகம் செத்துப்போயிருந்தது. அதன்பிறகு அவன் தலை நிமிரவே இல்லை.

முடிந்ததும் கீழே, வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்தான்.

"புடிக்கலீனா எந்திரிச்சுப் போயிருக்கலாமுங்களே. எல்லார் முன்னாலயும் அரோகரா போட்டுட்டீங்க."

"உங்க கச்சேரி அரோகரான்னா சொன்னேன்?"

"வேற எதுக்குச் சொல்லுவீங்க? வந்ததுல இருந்து வெளக்கெண்ண குடிச்சாப்ல உக்காந்திருந்தீங்க. நான் பார்த்துட்டுத்தான இருந்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே சொல். கோயிலில் அது வேண்டுதல். தெருவில் சொன்னால் எல்லாம் ஒழிந்தது என்று அர்த்தம். ஒழிந்தது என்றுதான் மாலை முழுக்க மனதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வாய்விட்டுச் சொன்னது அது இல்லை. பொய் சொல்லக்கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை.

"இங்க பாரு. பாட்டுக்காரன் குப்பை. கிடாருக்காரன் அதுக்கும் கீழ. மேல நின்னு குதிச்சுதுகளே, அதுகள நான் மனுசக் கணக்குலயே சேர்க்கல. அத்தனைக்கும் தெரு அரோகராதான். நீ காவடி அடி அடிச்சியே, அதுக்குச் சொன்னது மட்டும் சாமி அரோகரா."

"அப்ப நல்லா இருந்துச்சுங்கறீங்க?"

"நான் சொல்லல. வாய் சொல்லிருச்சு."

ஹெல்மெட்டைத் துடைத்துத் தலையில் மாட்டினான். பிறகு வண்டியைக் கிளப்பியபடி, "டோலக்குக் கயித்த இழுத்துக் கட்டி வைங்கண்ணா. மூணு வாரமாத் தளந்து கெடக்கும்" என்றான்.

வீட்டு வாசலிலேயே அந்தக் காகிதக் காப்பைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி என் எண்ணம் இன்றைக்கும் இம்மியளவு மாறவில்லை. காலையில் குளித்து, விளக்கேற்றிவிட்டு, கடை திறக்கும் முன்பே கோயிலுக்குப் போய் டோலக்கை எடுத்துப் பார்த்தேன்.

தம்பி சொன்னது சரி. தளர்ந்துதான் கிடந்தது.