ஏழு புளியமரம் தாண்டிய கால்

1987 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்குள் நான்கு குடம் தண்ணீர் பிடித்தேன். நாள்காட்டித் தாளைக் கிழித்தேன். அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதியது இன்னும் என்னிடம் இருப்பதால் நேரங்களில் பிசகில்லை. எனக்கு வயது ஒன்பது.

எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் பெரியப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்கால் விரிசல் விட்டு, இரண்டு மாதமாக ஆறாத புண். காயம்பட்ட ராணுவத்தாருக்குப் புதுக் கால் அளவெடுக்க அன்று கள்ளக்குறிச்சி மண்டபத்தில் முகாம். விட்டால் அடுத்தது ஒரு வருடம் கழித்துத்தான். ஆனால் இடஒதுக்கீடு கேட்டு மறியல். சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். அப்பா கரும்பு வெட்டப் போயிருந்தார். துணைக்கு நான்.

சண்டைக்காகக் கொடுத்த பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு போனால் மறியல்காரர்கள் மரியாதையாக வழி விடுவார்கள் என்றாள் அம்மா. பெரியப்பா அதைப் பெட்டியிலேயே வைத்தார்.

"எனக்குக் கேக்காமலே குடுத்தாங்கம்மா. அவங்க கேட்டுக்கினு நிக்கிறாங்க. அவங்க முன்னாடி இத்த மாட்டிக்கினு போறதா?"

எட்டேகாலுக்குக் கிளம்பினோம். முதல் மரத்தருகே பத்துப் பேர் நின்றார்கள். இந்த வயசில் மரம் ஏறி விளையாடப் போகிறதா பெருசு என்று ஓர் அண்ணன் கிண்டல் செய்தார். பெரியப்பா மரத்தில் உட்கார்ந்து, வார்களை அவிழ்த்து, காலை அவரிடம் நீட்டினார்.

"கொஞ்சம் புடி நைனா. கீழ வுட்றாத. உன் காலவிட இதுக்கு வெல ஜாஸ்தி."

மற்றவர்கள் சிரித்தார்கள்; அந்த அண்ணன் சிரிக்கவில்லை. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். பெரியப்பா மறுத்துவிட்டார். அந்த அண்ணன் மட்டும் எங்களோடு வந்தார். ஒவ்வொரு மரத்திலும் கால் முதலில் அந்த அண்ணன் கைகளில் கடந்தது. பின்னால் பெரியப்பா உட்கார்ந்தே நகர்ந்து கடந்தார். மொத்தம் ஏழு மரம். ஊரே பார்க்கட்டும் என்று நான் முன்னால் நிமிர்ந்து நடந்தேன்.

பத்து நாற்பதுக்கு மண்டபம் சேர்ந்தோம். பூட்டியிருந்தது. டாக்டர்கள் வந்த வேன் எலவனாசூர்கோட்டையில் மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டதாம். மறுநாள் மதியம்வரை பார்த்துவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிடுமாம். காவலாளி சொன்னதும் அந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா திட்டவில்லை. சாப்பிட்டாயா என்று அவரிடம் கேட்டு, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். மரம் வெட்டியவனுக்கு எதற்கு டீ என்று எனக்குக் கோபம். அந்த அண்ணன் ஏன் அதைக் குடிக்க முடியாமல் கையிலேயே வைத்திருந்தார் என்று அன்று புரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஐந்தேகாலுக்கு, எங்கள் கதவைத் தட்டியவர் அந்த அண்ணன்தான். சைக்கிளில் கட்டியிருந்த ரம்பத்தைப் பார்த்ததும், இன்னும் மரம் வெட்டத்தான் போகிறார் என்று கதவைச் சாத்தப் போனேன்.

"உங்க பெரியப்பாவ மண்டபத்துக்கு வரச் சொல்லு பாப்பா," என்றார். "வேனுக்கு வழி பண்ணிட்டு வரோம்."