பாதிச் சுவர்

என் சகலையும் பெயிண்டர், நானும் பெயிண்டர். சுவரும் கூரையும் சேருமிடத்தில் அவன் கோடு இழுத்தால் டேப் ஒட்டாமலே நேராக வரும். நான் இழுத்தால் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். ஆனால் அவனுக்குத்தான் கை எட்டுகிற உயரத்துக்கு மேல் அனுமதி இல்லை. ஏணியில் நிற்கும்போது வலிப்பு வந்து விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டான். ஒரு வருடம் முழுசாக வலிப்பு வராமல் இருந்தால்தான் ஏணியைப் பற்றிப் பேச்சே என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கீழ்ச்சுவர் அவனுக்கு, மேல்சுவர் எனக்கு. என் முழங்கால்கள் தினமும் அவனைத் திட்டுகின்றன.

வலிப்பு மாத்திரையை அவன் ஒரு வேளைகூட விட்டதில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் போட்டால் தூக்கம் சொக்கும். பிரஷை வாளியில் முக்கியபடியே கொட்டாவி விடுவான். அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடிப்பான். நான் மேலேயிருந்து கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோவேன்.

திடீரென்று ஒருநாள் ஆள் சுறுசுறுப்பாக வந்து நின்றான். கையில் ஒரு டின். மேலே பச்சை இலைப் படம்.

"மூலிகைப் பொடி, சகலை. வெந்நீர்ல கலக்கிக் குடிச்சா அசதியே இல்ல. டீயா காபியா, ஒடம்பக் கெடுக்க? வெறும் இலையும் கொட்டையுந்தான்."

பக்கத்து வீட்டுக்காரர் விற்கிறாராம். சரக்கைத் தலையில் கட்ட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. இவன் நாளுக்கு நாலைந்து கிளாஸ் குடித்தான், வேலையும் பறந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது எனக்கும்.

அப்புறம் வலிப்பு மறுபடி வந்தது. முதலில் வீட்டில், பிறகு வேலையிடத்தில் பெயிண்ட் வாளியோடு சரிந்தான். வரும்போதெல்லாம் அந்த ஒரு வருடம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். டாக்டரம்மா டீ, காபி உண்டா என்று கேட்டால், "விட்டு ரொம்ப நாளாச்சு டாக்டர்" என்பான், பெருமையாக. அது பொய்யும் இல்லை. அவரும் மாத்திரையைக் கூட்டினார். கூட்டினால் தூக்கம், தூக்கம் வந்தால் இன்னொரு கிளாஸ். செக்குமாடு மாதிரி இதிலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

ஒரு சாயங்காலம் அலுப்பு தாங்காமல் நானும் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தேன். அன்று எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விடிந்ததும் டின்னை ஒரு கையிலும் அவனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா டின்னின் பின்பக்கத்தைப் படித்தார். "இதுல தேயிலைச் சாறு இருக்கு. இந்தக் கொட்டையில காபிக்கொட்டையவிட கஃபீன் அதிகம். ராத்திரி தூங்குறீங்களா?"

"சரியா இல்ல டாக்டர். ஆனா நான் மாத்திரையோட சேத்துக் குடிக்கலயே. ரெண்டு மணி நேரம் விட்டுத்தான் குடிக்கிறேன்."

"ஒடம்பு என்ன டிபன் கேரியரா, தனித்தனி அடுக்கு வச்சிருக்க? தூக்கம் கெட்டாலே உங்களுக்கு வலிப்பு வரும்னு சொன்னேன்ல? மாத்திரை அசத்துதுன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா வேற மாத்திரை பாத்திருப்பேனே. ஏன் சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான். "சொன்னா, இவனுக்கு ஏணியே சரிப்படாதுன்னு முடிவு பண்ணிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா மாத்திரையை மாற்றி எழுதினார். பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். ஒரு வருடம் மறுபடியும் முதலிலிருந்து.

வெளியே வந்ததும், "டின்ல இன்னும் பாதி கெடக்கே சகலை, நீங்க வேணா..." என்று ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். டின் அவன் மனைவியின், அதாவது என் மச்சினியின், பீரோவுக்குள் போனது. அளந்து கொடுப்பது இனி அவள் பொறுப்பு.

பொடி அடியோடு நின்ற பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. நான் ஏணியில் நின்று கூரையோரம் கோடு இழுத்தேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"சகலை, ஜன்னலுக்கு மேல கோடு கொஞ்சம் எறங்கிடுச்சு."

நான் இறங்கி வந்து பிரஷை அவன் முன்னால் நீட்டினேன். "அவ்வளவு தெரிஞ்சா நீயே ஏறிப் போடுய்யா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் பிரஷை வாங்கினான். ஏணியை அண்ணாந்து பார்த்தான். கீழ்ப்படியில் ஒரு காலை வைத்தான்.

அப்புறம் காலை எடுத்தான். பிரஷை என் கையில் கொடுத்தான்.

"நீங்களே போடுங்க. நான் ஏணியைப் புடிச்சுக்கறேன்."

சொல்லிவிட்டு வாய் கிழியக் கொட்டாவி விட்டான். எத்தனை நாள் நான் திட்டித் தீர்த்த அதே கொட்டாவி. ஈரத்துணியால் கோணல் கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.