இடதுபக்க ஹெட்

அந்தத் தெருவில் அவரைப் 'பஞ்சர்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் எட்டு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றிப் பரப்பிப்போட்டு மறுபடி அலுங்காமல் பூட்டியவர் என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். டயர் ஒட்டுவார், ஆயில் மாற்றுவார், பிரேக் பார்ப்பார். இன்ஜின் என்று யாராவது வாயெடுத்தால், "அது நமக்கு வேணாங்க" என்று நகர்ந்துவிடுவார்.

"பானெட்டைத் தொறக்காமலே மெக்கானிக்னு பேர் வாங்கின ஒரே ஆளு இவர்தான்" என்பார் பக்கத்துக் கடை வெல்டர். பஞ்சர்காரர் சிரித்து வைப்பார். பெற்ற தாயைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மனிதனுக்கு வேறு எதற்கு ரோஷம் வரப்போகிறது?

அவருடைய தங்கை புருஷனிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் இன்ஜினை முழுசாகப் பிரித்துக் கட்டிக்கொடுத்தவர் இவர்தான். சில மாதம் கழித்து, மூச்சுத் திணறிய அம்மாவை அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக்கு முந்தைய மேட்டில் வண்டி உதறியது, இருமியது, நின்றுவிட்டது. தங்கையின் மடியிலேயே அம்மாவின் உயிர் போயிற்று. உடலைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போதே மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மச்சான் கட்டின இன்ஜின். பெத்தவளுக்கே எமனாயிடுச்சு."

தங்கை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அன்றோடு அவள் வீட்டு வாசல் அவருக்கு அடைபட்டது. காரும் ஷெட்டுக்குள் போனது. யாரும் அதைத் திறக்கவில்லை.

அன்று தொட்டிலில் கிடந்த தங்கை மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். அவள்தான் ஒருநாள் காலை அந்தக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் நின்றாள்.

"மாமா, அப்பா வெளியூர் போயிருக்காரு. வர்றதுக்குள்ள இதை ஓட வச்சு அவர் முன்னாடி நிறுத்தணும். இந்த இன்ஜின் உங்களுக்குத்தான் தெரியுமாமே."

"உங்க பாட்டி உயிரு போன வண்டிம்மா இது."

"தெரியும் மாமா. அதுக்காக நீங்களும் வண்டியும் ஆளுக்கொரு மூலையில துருப்பிடிச்சுக் கிடக்கணுமா?"

பெண் பேசிய பேச்சில் தங்கையின் சின்ன வயதுக் குரல் கேட்டது. முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வெகுகாலத்துக்குப் பிறகு அவர் ஒரு பானெட்டைத் திறந்தார். இன்ஜினின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு நாலு சிலிண்டர். ஒவ்வொரு பக்கத்துக்கும் மூடியாக ஒரு ஹெட். இரண்டையும் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். ஒரே நீல பெயிண்ட், ஒரே நீளம், போல்ட் ஓட்டைகள்கூட அச்சாக ஒன்றாகவே இருந்தன. ஆனால் இடதுபக்க ஹெட்டில், நெருப்புப் பிடிக்கும் குழிகள் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தன.

கண்ணை நம்பாமல் ஒரு சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து வலதுபக்கக் குழி ஒன்றில் விளிம்புவரை நிரப்பினார். அதே அளவை இடதுபக்கக் குழியில் விட்டார். நிரம்பவில்லை. இன்னும் கேட்டது.

வால்வுகளுக்கு நடுவே கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். வார்ப்பிலேயே எழும்பி நிற்கும் எண்கள் பெயிண்டுக்கு அடியிலிருந்து வெளிவந்தன. இரண்டும் வேறு வேறு எண். தான் பூட்டும் ஒவ்வொரு ஹெட்டின் மூலையிலும் உளியால் ஒரு கீறல் போடுவது அவர் வழக்கம். வலதில் கீறல் இருந்தது. இடதில் இல்லை.

அது அவர் பூட்டிய ஹெட்டே அல்ல. யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள். போல்ட் பொருந்துகிறதே என்று வேறு வருஷத்து வண்டியின் ஹெட்டை மாட்டி, ஜோடி மாதிரி தெரிய நீலத்தைப் பூசியிருக்கிறார்கள். குழி பெரிதானதால் அந்தப் பக்கம் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை நெருக்கும் அழுத்தம், குறைந்திருக்கிறது. ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட் தகடு அகலக் குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்ததால் அதன் விளிம்பு எரிந்து தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த மேட்டில் நின்றது அவர் கட்டிய இன்ஜின் இல்லை.

அவர் பழைய டயர்மேல் உட்கார்ந்து குழந்தைபோல் விசும்பினார். வெல்டர் எட்டிப் பார்த்தார். "என்னாச்சுங்க? கண்ணுல ஏதாவது விழுந்துடுச்சா?"

"இல்லப்பா. விழுந்திருந்தது இப்பத்தான் வெளிய வருது."

மகள் காரைக் கொண்டுபோன சேதி தெரிந்ததும் தங்கை பதறிக்கொண்டு ஓடிவந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கடைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல்முறை. மேஜைமேல் கிடந்த இரண்டு ஹெட்களையும் பார்த்தவள், அவர் வாய் திறப்பதற்கு முன்பே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ரேடியேட்டர்ல தண்ணி இல்லாம ஓட்டிட்டாருண்ணா. ஹெட்டு வெடிச்சிடுச்சு. நீ திட்டுவேன்னு வேற ஒர்க்‌ஷாப்ல குடுத்து மாத்தினாரு. அண்ணன்கிட்ட மூச்சு விடாதேன்னாரு."

"அம்மாவைக் கிடத்திட்டு அவரு என்னைச் சொன்னப்போ? அப்பவும் தெரியுமா உனக்கு?"

"கைக்குழந்தை இருந்துச்சு எனக்கு. அவரைக் காட்டிக் குடுத்துட்டு நான் எங்க போவேன்? நீ அண்ணன். தாங்கிப்பேன்னு நெனச்சேன்."

"தாங்கினேன்டி. நான்தான் அம்மாவைக் கொன்னேன்னு தெனம் நெனச்சு நெனச்சுத் தாங்கினேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் படிந்த கை. அதையே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இப்ப எதையும் கிளறாதண்ணா. சரியான ஹெட்டைப் போட்டு வண்டியை ஓட வை. அவரு வர்ற அன்னிக்கு, பொண்ணு முன்னாடி நானே என் வாயால சொல்றேன். சத்தியமா."

அவர் நம்பினார். ரத்தபாசம் இருக்கிறதே, எத்தனை தடவை சூடு வைத்தாலும் அதற்கு வலி மறந்துபோகும். பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, குப்பைக்கு நடுவே குந்தி, தேய்த்துத் தேய்த்து எண் பார்த்தார். வலதுபக்கத்தின் அதே எண் கொண்ட ஹெட் ஒன்று கிடைத்தபோது அதைத் தோளிலேயே சுமந்து வந்தார். கேலி பேசிய வெல்டரே போல்ட் முறுக்க ஒரு கை கொடுத்தார்.

மாப்பிள்ளை வரும் நாளில் பஞ்சர்காரர் முகம் மழித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டார். மூவரும் சேர்ந்தே வந்தார்கள். மகள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரு தடவைகூடச் சிணுங்காமல் பற்றிக்கொண்டு, ஒரே சீராக ஓடியது.

மாப்பிள்ளையின் கண் நேராக இடதுபக்கம்தான் போயிற்று. முகம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னார்: "பரவாயில்ல மச்சான். இதே மாதிரி அன்னிக்கே ஒழுங்காக் கட்டியிருந்தா அத்தை இன்னிக்கு நம்மகூட இருந்திருப்பாங்க."

பஞ்சர்காரர் தங்கையைப் பார்த்தார். அவள் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு அப்பாவின் பேச்சு பிடிக்கவில்லை. "மாமா, அப்பா சொல்றது நிஜமா? அன்னிக்குக் கோளாறு நீங்க கட்டினதுலதானா?"

"உங்க அம்மாவுக்குத்தான் தெரியும். அவளைக் கேளும்மா."

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். மாப்பிள்ளையும் திரும்பினார். தங்கை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றாள் மகளிடம். "மாமா கட்டினதுதான். அவரு வேணும்னா செஞ்சாரு? விடு, பழசெல்லாம் எதுக்கு."

பஞ்சர்காரர் பானெட்டைப் பிடித்திருந்த கம்பியை எடுத்தார். மூடியை ஓசைப்படாமல் இறக்கி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினார். கொக்கி விழுந்தது.

"பத்திரமாப் போங்க" என்றார். போய்விட்டு வரச் சொல்லவில்லை.