பூஜ்யத்தில் நின்ற ஊசி

பாலிடெக்னிக்கில் மாறுதிசை மின்னோட்டத்தின் அலையை வரைவதில் நான் கெட்டிக்காரி. பூஜ்யத்தில் தொடங்கி மேலே ஏறி, இறங்கி, கோட்டைக் கடந்து அதே அளவு கீழே போய், மறுபடி பூஜ்யம். நொடிக்கு ஐம்பது முறை. மின்னழுத்தத்துக்குச் சிவப்பு மை, சற்றுப் பின்தங்கி வரும் மின்னோட்டத்துக்குப் பச்சை. தாளில் இருந்தவரை அது என்னைப் பயமுறுத்தியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில் ஒரு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். குவார்ட்டர்ஸ்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் போட்டார்கள். கூட இருந்த ஒயர்மேன் பக்கத்துக் கிராமத்துக்காரர், கான்ட்ராக்ட். முப்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது.

அன்று காலை என் முதல் வேலை பேட்டரிகளைச் சோதிப்பது. மீட்டரின் குமிழை டி.சி. எனும் ஒருதிசை மின்னோட்டத்துக்குத் திருப்பி, ஒவ்வொன்றாக அளந்து எழுதினேன். பத்து மணிவாக்கில் இரண்டாம் எண் பம்ப் ஓடவில்லை என்று தெரிந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால், மின்சாரம் உள்ளே வரும் மூன்று போல்ட்டுகளில் ஒன்று கருகியிருந்தது. ஒயர்மேன் மெயின் போர்டுக்குப் போய், இரண்டு என்று எழுதியிருந்த ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி, வேறு யாரும் திரும்பப் போட்டுவிடாதபடி பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"பாருங்க மேடம்."

வண்ணம் குறித்த போல்ட்டுகளில் மீட்டரின் இரு கம்பிகளையும் வைத்தேன். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே. மூன்றிலும் ஊசி பூஜ்யத்தில் நின்றது. மிக மெல்லிய நடுக்கம் ஒன்று இருந்தது. பக்கத்தில் ஓடும் முதலாம் எண் பம்ப்பின் அதிர்வு என்று நினைத்தேன்.

"சப்ளை இல்லைங்க" என்றேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சப்ளை இல்லை என்று சொன்னவர்தான் முதலில் தொட வேண்டும். அதுவும் புறங்கையால். உள்ளங்கையால் தொட்டு மின்சாரம் பாய்ந்தால் விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும், விடாது. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம், ஆனால் யாரும் மீறியதில்லை. நான் கையை நீட்டினேன்.

"நீங்க தள்ளிக்கோங்க மேடம். கல்யாணம் ஆவப்போற பொண்ணு. எதுனா ஒண்ணு ஆச்சின்னா உங்கப்பா என் வூட்டு வாசல்ல வந்து நின்னுகினு கேப்பாரு."

"சோதிச்சது நான்தானே? நான்தான் வைக்கணும்."

"இல்லன்னுதானே சொன்னீங்க? இல்லாததுக்கு யாரு கை வெச்சா இன்னா?" என்று சிரித்தபடி சட்டைக் கையை மடித்தார்.

விலகி நின்றேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைத் திடுக்கிட வைத்தது. மின்சாரம் இல்லையென்றால் எதற்கு நிம்மதி?

பயம் வந்தால் பட்டியல் போடுவது என் பழக்கம். ஃபியூஸ் கழற்றியாயிற்றா? ஆயிற்று. சரியான ஃபியூஸா? எண் பார்த்துத்தான் எடுத்தார். மீட்டர் வேலை செய்கிறதா? காலையில் செய்தது. குமிழ் எதில் நிற்கிறது?

டி.சி.யில் நின்றது. பம்ப்புக்கு வருவதோ ஏ.சி., மாறுதிசை.

மேலும் கீழுமாக மாறும் அலையை அந்த ஊசியால் தொடர முடியாது. ஒரு பாதி அதை வலப்பக்கம் தள்ளும், மறு பாதி இடப்பக்கம். ஊசி நடுவில், பூஜ்யத்தில், லேசாக நடுங்கிக்கொண்டு நிற்கும். நானூறு வோல்ட் இருந்தாலும் அப்படித்தான் நிற்கும்.

"இருங்க" என்று சொல்ல நேரமில்லை. அவருடைய புறங்கைக்கும் போல்ட்டுக்கும் நடுவே நாலு விரற்கடை இருந்தது. இரண்டு கைகளாலும் அவர் தோளில் ஓங்கித் தள்ளினேன். கருவிப் பைமேல் மல்லாந்து விழுந்தார்.

"ஏம்மா, பைத்தியமா உனுக்கு?"

குமிழை ஏ.சி.க்குத் திருப்பி, கம்பிகளை வைத்துக் காட்டினேன். ஊசி ஒரே தாவலில் நானூறைத் தொட்டது. அந்த நானூறும் சமன்செய்த கணக்குத்தான். அலையின் உச்சியில் ஐந்நூற்றைம்பதைத் தாண்டும். அதை அவரிடம் சொல்லவில்லை.

கீழே கிடந்தபடியே ஊசியைப் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப பையில இருக்கறது எதோட ஃபியூசு?"

மூன்றாம் எண் பம்ப்பினுடையது. அது அன்று ஓடாமல் நின்றிருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. போர்டுக்கு எப்போதோ வண்ணம் அடித்தவர்கள் இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றி எழுதிவிட்டிருந்தார்கள். எழுத்து தவறு, அதற்குமேல் என் குமிழும் தவறு.

சரியான கட்டைகளைப் பிடுங்கி வந்தார். ஓடும் பம்ப்பின் பெட்டியில் கம்பிகளை வைத்து, மீட்டர் ஏ.சி. காட்டுகிறதா என்று முதலில் பார்த்தேன். பிறகு இங்கே அளந்தேன். பூஜ்யம். ஊசியில் நடுக்கமே இல்லை.

"இன்னொரு தபா" என்றார். அளந்தேன். "இன்னொரு தபா." அளந்தேன்.

"இல்லைங்க."

அவர் அசையவில்லை. சிரிக்கவும் இல்லை. "இப்ப நீங்க வைங்க மேடம்."

வைத்தேன். பித்தளை குளிர்ந்திருந்தது. மஞ்சள், நீலம், சிவப்பு என்று மூன்றையும் தொட்ட பிறகுதான் அவர் ஸ்பேனரை எடுத்தார்.

வேலை முடிந்ததும் ஒரு சாக்குக்கட்டியை நீட்டினார். "பெயிண்ட் வர்ற வரைக்கும் இத்தாலயே எழுதி வைங்க. உங்க எழுத்து நல்லா இருக்கும்."

போர்டில் பழைய எண்களை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது இன்னாம்மா, ரெண்டா மூணா?"

துணியால் துடைத்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுதினேன்.