கொல்லைப்பக்கமாக வந்த கடல்

காலையில் விரல்களுக்கிடையே மணல்போலச் சரசரக்கும் கல்லுப்பு, பிற்பகல் சாய்ந்தபின் விரலில் ஈரமாக ஒட்டிக்கொண்டு வரும். உத்திரமேரூர் கடைத்தெருவில் கிழக்குப் பார்த்திருந்த எங்கள் மளிகைக் கடையின் வாசலில், யார் திருடப் போகிறார்கள் என்ற நம்பிக்கையில் எந்நேரமும் வெளியிலேயே கிடந்த உப்பு மூட்டையைத் தொட்டுப் பார்ப்பது, தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு அன்றாட வழக்கம். மழையும் பெய்யாமல், யாரும் தண்ணீர் தெளிக்காமல், அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது?

"அது எங்க ஊரு காத்து," என்பார் அம்மா, சற்றுப் பெருமையாக. அவர் கடலோரத்தில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவர். மழைக்கும் அவருக்குத் திசை ஒன்றுதான். "மழ கடல்லேர்ந்துதான் வரும். வேற எங்கேர்ந்து வரும்?"

ஆடிக் கடைசியில், 'சொர்ணவாரி' பட்டத்து நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, வயல்வேலைக்குப் போகும் செல்வியக்கா தமக்குக் கூலியாகக் கிடைத்த நெல்லை அவித்துக் கொண்டுவந்து, எங்கள் கடைக்கு எதிரே தார்ச்சாலை ஓரமாகப் பரப்பினார். அவர் வீட்டுக்கு அடுத்த சில மாதங்களின் சோறு அது; அவித்த நெல் மழையில் நனைந்துவிட்டால் நாற்றம் பிடித்துப்போகும். அன்றைக்கும் சாலவாக்கம் பக்கத்தில் அவருக்கு அறுப்பு வேலை இருந்தது.

"கொஞ்சம் பாத்துக்கோங்க பாயம்மா. மோடம் போட்டுச்சின்னா தார்ப்பாய இஸ்து மூடிடுங்க."

"கெழக்கால ஒரு பொட்டு மேகம் தெரிஞ்சாலும் மூடிடறேன், நீ போ," என்றார் அம்மா.

"கெழக்கையே பாத்துக்கினு இருந்தா கழுத்து சுளுக்கிக்கும், ஆமா!" என்று சிரித்தபடியே செல்வியக்கா நடந்தார்.

அத்தா சரக்கெடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்ததால் கடையில் நானும் அம்மாவும் மட்டுமே இருந்தோம். அன்று கடற்காற்று வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டது, உப்பு கசிந்தது, வாசலில் தொங்கிய ஷாம்பு பாக்கெட் சரங்கள் கடைக்குள் நோக்கி ஆடின. கிழக்கு வானம் துடைத்துவைத்தாற்போல் இருந்ததில் அம்மாவுக்குத் திருப்தி. எனக்கோ அந்தச் சரங்களின் மேலேயே கண். திடீரென்று அவை ஆட்டம் நின்று நேராகத் தொங்கின. புழுக்கம் கழுத்தில் வழிந்தது. பிறகு, இழுத்துவிட்டாற்போல், எல்லாம் ஒருசேரத் தெருவை நோக்கிப் பறந்தன. சில்லென்ற காற்றில் கடையின் பின்கதவு படாரென்று திறந்துகொண்டது.

"காத்து கொல்லையிலேர்ந்து வருதும்மா!"

ஓடிப்போய்ப் பார்த்தால், கடைக் கட்டடம் இதுவரை மறைத்து நின்ற மேற்கு முழுவதும் மையாகக் கறுத்திருந்தது. அம்மா முக்காட்டைச் செருகிக்கொண்டு சாலைக்குப் பாய்ந்தார். எதிர்க்கடை டீக்காரர் பலகையால் நெல்லைத் தள்ளிக் குவிக்க, வழியில் போனவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்க, நான் ஓரங்களில் கல் வைத்தேன். ஓரமாகச் சிதறிய நெல்லை மட்டும் மழை சாக்கடைக்கு அடித்துக்கொண்டு போனது.

சொட்டச்சொட்ட ஓடிவந்த செல்வியக்கா தார்ப்பாயின் அடியில் முழங்கை வரைக்கும் கையை விட்டார். உலர்ந்த நெல் கையில் சலசலத்த பிறகுதான் அவர் முகம் இளகியது.

"இன்னா பாயம்மா, உங்க கடலு கொல்லப்பக்கமா வந்துகீது?"

"பொறந்த வூட்டு சனம்டி. அதுங்க எந்த வாசல்ல வந்தா இன்னா?" என்றார் அம்மா.

அந்தக் கேலி உண்மையே என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. நீராவி கலந்த காற்று கனமானது என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அதே வெப்பமுள்ள உலர்ந்த காற்றைவிட லேசானது. எங்கள் உப்பை நனைத்துவிட்டு மேற்கே போகும் கடற்காற்று, அங்கே சூடான நிலக்காற்றோடு மோதி மேலெழுகிறது. உயரத்தில் குளிர்ந்து அந்த ஆவி துளிகளாகும்போது, கடலை விட்டுக் கிளம்புகையில் வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ள, கீழே வெறுமையான இடத்துக்கு மேலும் ஈரக்காற்று விரைகிறது. பருவகால மேற்குக் காற்று அப்படி வளர்ந்த மேகத்தை மறுபடி கிழக்கே தள்ளிக்கொண்டு வருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் எங்களைக் கடந்துபோன கடல், இடியோடு திரும்பி வந்திருக்கிறது.

இன்று உப்பு உறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எந்தக் காற்றுக்கும் அது கசிவதில்லை. வண்டிகள் நெருங்கிவிட்ட அந்தச் சாலையில் நெல்லுக்கு இடமில்லை. மழை வருவதைக் கைபேசி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எனக்கோ இன்னொன்றில்தான் நினைவு நிற்கிறது: அன்று கடற்காற்று வந்தபின் செல்வியக்காவின் நெல்லை விட்டு எழுந்த ஆவியும் அந்தக் காற்றோடு சேர்ந்துதானே மேற்கே போயிருக்கும்? தம் நெல்லின் ஈரமும் கலந்த மழை தலையில் கொட்ட, அந்த நெல் உலர்ந்திருக்கிறதா என்று தார்ப்பாய்க்கடியில் துழாவிக்கொண்டிருந்தார் அவர்.