சுழல் நாற்காலிக்கும் ஒரு கவர்

வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அம்மாவாக இருப்பது முழுநேர வேலை, லீவே கிடையாது. மலைப்பாதையில் மடியில் கவரை விரித்துக்கொண்டு போகும் தாய்மார்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முன் சீட்

போடிமெட்டு இறக்கத்தில் மூன்றாவது வளைவு வந்தாலே என் மகள் பிரின்சிக்கு முகம் வெளுத்துவிடும். ஜீப்பில் முன் சீட், கையில் எலுமிச்சம்பழம், நெற்றியில் நான் போட்ட சிலுவை, எதற்கும் கேட்காது. ஏலத்தோட்டத்துக்கு வந்துபோகும் பெண்களில் பாதிப் பேருக்கு இதே கதிதான் என்பதால், எங்கள் பக்கம் இதை யாரும் வியாதியில் சேர்ப்பதில்லை. டிரைவர் முருகன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வான்: "மெதுவா எடுக்கட்டும்க்கா. அடுத்த வளைவுல உங்க முறை."

படிவம்

அந்தப் பிரின்சிக்குத்தான் போன மாதம் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு முதல் சில நாள் ஏன் குமட்டுகிறது என்று பார்க்கிற இடமாம். வேலையில் சேருகிறவர்களும் ஒருதரம் சுழல் நாற்காலியில் உட்கார வேண்டும். படிவத்தில் 'பயணத்தில் குமட்டல் உண்டா?' என்று ஒரு கேள்வி. என்ன எழுதுவது என்று போனில் கேட்டாள். அடுப்பில் மீன் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது. மலை வாந்தியெல்லாம் ஒரு வாந்தியா, 'இல்லை' என்று போடு என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், மகளைப் பொய் எழுத வைத்துவிட்டேன். வேலையே போய்விடுமோ? என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பொய்ய நீ சொல்லிட்ட. வாந்திய அவள்ல எடுக்கணும்."

பத்து மணி

வியாழக்கிழமை காலை பத்துக்குச் சோதனை. கண்ணைக் கட்டிச் சுழற்றுவார்களாம், சுற்றும்போதே தலையைச் சாய்க்கவும் சொல்வார்களாம். ஜெபமாலையை எடுத்தேன், எத்தனையாவது மணி என்று மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்கினேன். மயங்கி விழுந்திருப்பாளோ? பன்னிரண்டுக்குத்தான் போன் வந்தது. மூன்றாவது நிமிஷமே எடுத்துவிட்டாளாம், அழுதுகொண்டே, அம்மா சொல்லித்தான் அப்படி எழுதினேன் என்ற உண்மையையும் சொல்லிவிட்டாளாம். சோதனை செய்த டாக்டரம்மாவே போனை வாங்கினார். வாந்தியில் அவருக்குக் கோபமில்லை, படிவத்தில்தான் கோபம். 'இல்லை' என்று இருந்ததை நம்பி வேகத்தைக் கூட்டிவிட்டார்களாம். ரோட்டில் வாந்தி எடுக்கிறவர் விண்வெளிக்குப் போய்ச் சும்மா இருப்பாராம், ரோட்டில் அசையாதவர் அங்கே கவரைத் தேடுவாராம், முன்கூட்டிச் சொல்லவே முடியாதாம். அதற்குத்தான் உண்மை வேண்டுமாம். வேலை இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். அவரே சொன்னார்: "திங்கக்கிழமை வந்து சேரட்டும். படிவத்த மட்டும் உங்ககிட்ட கேக்காம எழுதட்டும்."

மேல் எது கீழ் எது என்று காதுக்குப் பிடிபடாமல்தான் விண்வெளியில் குமட்டுகிறதாம், எனக்கு அந்த இரண்டு மணி நேரமும் அடுப்படியிலேயே பிடிபடவில்லை.